புளியங்கட்டை அனல்

மகள் கல்யாணத்துக்குப் பிரியாணி ஆக்க வந்த சமையல்காரர் புளியங்கட்டை அனலை அள்ளி அண்டா மூடியின் மேல் பரப்பினார். அந்தச் சூடு முகத்தில் பட்டதும் எனக்குப் பழைய பக்கத்து வீட்டு ஜமீலாம்மா நினைவு வந்தது.

அவர் வீட்டிலேயே பிரியாணி ஆக்கி விற்றவர். புளியங்கட்டை தவிர வேறு விறகு வாங்க மாட்டார். எங்கள் வீட்டில் கொல்லையில் ஒடித்த முருங்கைதான். மழைக்காலத்தில் அது புகையுமே தவிர எரியாது. அம்மா ஊதி ஊதிக் கண் சிவந்துபோவாள். புகையைப் பார்த்ததும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஜமீலாம்மா கூப்பிடுவார்.

“ஏத்தா, சட்டியக் கொண்டா. அனல் அம்புட்டு மிஞ்சிக் கெடக்கு, எங்க கொட்டுறதுன்னே தெரியல.”

இரும்புச் சட்டியோடு ஓடுவேன். அவருக்கு ஏதோ ஒத்தாசை செய்கிற பெருமை எனக்கு. அந்த அனல் விழுந்தால் முருங்கைகூடப் பற்றிக்கொள்ளும். சுடுசோறு தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன்.

இன்று சாம்பிராணி போட இரண்டு கங்கு கேட்டேன். சமையல்காரர் மூடியை மறித்து நின்றார்.

“இதுல கை வைக்காதீங்கம்மா. தம் போடுற அனல் என்னைக்கும் மிஞ்சாது.”

அப்படியானால் ஜமீலாம்மா என் சட்டியில் அள்ளிப் போட்டதெல்லாம் அவருடைய அண்டாவுக்கு வைத்திருந்த அனல்.