பட்டியலில் எழுதிய இசைத்தட்டு

முப்பது ஆண்டுகள் ரங்கூன் துறைமுகத்தில் படிவம் சரிபார்த்து ஓய்வு பெற்றவன் நான். 1960-களில் ரங்கூனை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறியவர்கள் என்னிடம்தான் யோசனை கேட்பார்கள். பக்கத்து வீட்டு மேரி டீச்சரும் கேட்டார். யாரோ ஓர் ஆங்கிலேயப் பெண் வாத்தியமில்லாமல் பாடிய நாட்டுப்பாடல் இசைத்தட்டு அவரிடம் இருந்தது.

“இவளை அவ ஊர்லயே யாருக்கும் தெரியாது சார். இதை மட்டும் விட்டுட்டுப் போக மனசில்ல.”

“கொண்டுபோற சாமான் பட்டியல்ல எழுதிடுங்க. முறைப்படி போனா ஒண்ணும் ஆகாது.”

எழுதினார், அதனாலேயே சுங்க அதிகாரி தட்டைப் பிடித்துவைத்துக்கொண்டார். டீச்சர் அது இல்லாமலே சென்னைக்குக் கப்பலேறினார். எழுதாதவர்களின் தட்டுகளெல்லாம் சுகமாகச் சென்னை சேர்ந்தன. நான் ஏழு மனுக்கள் எழுதினேன். ஒன்றிலும் பிழையில்லை, ஒன்றுக்கும் பதிலில்லை.

மறு வருடம் ரங்கூனின் பபேடான் பகுதியில் ஒரு பழைய சாமான் கடையில் அதே தட்டு. உறையில் டீச்சரின் கையெழுத்து.

“இதை ஒருத்தரும் சீண்டலண்ணே. சும்மா எடுத்துக்குங்க,” என்ற கடைக்காரர் அதைச் சுழலவிட்டார். வேலைக்கு நடுவே தனக்காக மட்டும் பாடிக்கொள்ளும் குரல். ஒரு பக்கம் முடியும்வரை நின்றே கேட்டேன். என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

அந்த வாரம் சென்னைக்குக் கப்பலேறிய எங்கள் தெருச் செல்லம்மாவிடம் தட்டைக் கொடுத்தேன்.

“எந்தப் படிவத்துல எழுதணும் சார்?”

“எதுலயும் எழுதாதம்மா. புடவைக்கு நடுவுல வச்சுக்க.”

தட்டு டீச்சரிடம் போய்ச் சேர்ந்தது. முறை தெரிந்தவர் என்று யாராவது என்னைப் புகழ்ந்தால் இன்றும் எரிச்சல்தான் வருகிறது.