வாசல் வரை பாதுகாப்பு

“வயசானவங்களக் கூட்டிக்கிட்டுப் போறதுல பெருசா லாபம் ஒண்ணும் நிக்காது அத்தான். வழியில ஏதாவது ஆயிடுமோங்கற பயம் இருக்கு பாருங்க, அதுலதான் நிக்கும்.”

என் மனைவியின் தம்பி இதைச் சொன்னது ஒரு புரட்டாசி மாதத்து முதல் ஞாயிறு, தஞ்சாவூரில் எங்கள் வீட்டில், காலைப் பலகாரத்தின்போது. யோசனையைக் கொடுத்தவன் நான்தான். தொலைபேசி இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கையில் கிடைப்பதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். வெளிநாடுகளில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் சுற்றுலாவையும் காப்பீட்டையும் சேர்த்து விற்கும் கம்பெனிகள் இருக்கின்றன, அவற்றின் பங்குகளைச் சந்தையில் வாங்கலாம் என்று எதிலோ படித்ததை அவனிடம் சொல்லியிருந்தேன். எனக்கு அது வெறும் செய்தி. அவன் அதை இட்லியோடு சேர்த்து விழுங்கி, தை பிறப்பதற்குள் கும்பகோணத்தில் ஒரு பெயர்ப்பலகையாக மாட்டிவிட்டான்.

கம்பெனி காசி, கயை, பிரயாகைக்கு ஆட்களை அழைத்துப் போனது. கூடவே ஒரு நர்ஸ், இரண்டு சமையல்காரர்கள், சக்கர நாற்காலிகள். எங்கள் பக்கத்தில் நிலம் வைத்திருந்த குடும்பங்களில் பிள்ளைகள் எல்லோரும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அப்பா அம்மாவைக் காசிக்குக் கூட்டிப்போக அவர்களுக்கு லீவு கிடைக்காது, பணம் கிடைக்கும். யாத்திரைக் கட்டணத்துக்கு மேல் தனியாக ஒரு தொகை கட்டினால் ‘வாசல் வரை பாதுகாப்பு’ என்ற திட்டத்தில் சேரலாம். காய்ச்சல் வந்தால் டாக்டர், விழுந்தால் ஆஸ்பத்திரி, வேறு ஏதும் ஆகிவிட்டால் உடலை விமானத்தில் ஏற்றிச் சொந்த வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்குவது வரை எல்லாம் அதில் அடக்கம் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் கட்டினார்கள்.

பங்கு போட்டவர்கள் உறவும் சிநேகிதமுமாக எட்டுப் பேர். அதில் நானும் ஒருவன். பெரிய பங்கு என் மாமனாருடையது. பாபநாசத்துக்குப் பக்கத்தில் வாய்க்கால் ஓரமாக இருந்த அஞ்சு மா நஞ்சையை விற்று மகனிடம் கொடுத்தார். முந்தைய வருடம் பம்பு செட்டில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்ததிலிருந்து அவர் வரப்பில் இறங்குவதில்லை. நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும்தான் அவருடைய போக்குவரத்து.

முதல் வருடக் கணக்கைச் சொல்லக் கும்பகோணத்தில் ஒரு ஓட்டலின் மாடியில் எங்களையெல்லாம் கூட்டினான். லாபம் யாரும் எதிர்பார்த்ததைவிட அதிகம். எப்படி என்று கேட்டோம். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்.

“இந்தத் தொழில்ல இன்சூரன்ஸ்காரன் பயப்படுற பெரிய செலவு என்ன தெரியுமா? பாடியத் திருப்பி அனுப்புற செலவு. ஆனா நம்ம ஆளுங்க காசிக்குப் போறதே என்னத்துக்கு? அங்க உசுரு போனா மோட்சம். ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டுப் பாத்துட்டேன். ‘எனக்கு அங்க ஏதாச்சும் ஆச்சுன்னா தயவுசெஞ்சு திருப்பிக் கொண்டாந்துடாதீங்க தம்பி’ன்னு கையப் புடிச்சுக்கிட்டுச் சொல்றாங்க. பிள்ளைங்க அதுக்குத்தான் பணம் கட்டுறாங்க. பெத்தவங்க அதத்தான் வேணாங்கறாங்க. நடுவுல நிக்கிறது நம்ம கம்பெனி.”

எல்லோரும் சிரித்தோம். எட்டுப் பேரில் ஒருவர் நாகப்பட்டினத்துக்காரர். வளைகுடாவில் பல வருடம் கடை வைத்திருந்துவிட்டு ஊர் திரும்பியவர், மைத்துனனுக்குச் சிநேகிதர். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

“எங்கள்லயும் ஹஜ்ஜுக்குப் போன எடத்துல மவுத்தாயிட்டா அங்கேயே அடக்கம் பண்றது பாக்கியம்னுதான் சொல்வாங்க, தம்பி,” என்றார். “ஆனா திருப்பிக் கொண்டாறோம்னு சொல்லி அதுக்குக் காசு வாங்குறதில்ல.”

“பாய், நீங்க தொழில் பண்ணின ஆளு. நீங்களே இப்படிப் பேசலாமா?”

“தொழில் பண்ணின ஆளுங்கறதாலதான் சொல்றேன். என் பங்க யாருக்காச்சும் மாத்தி எழுதிடுங்க.”

ஆட்டுக்கறி பிரியாணி வரவழைத்திருந்தான். அவர் அதைச் சாப்பிடாமல் போனார். அவருடைய பங்கை மற்ற ஏழு பேரும் பிரித்துக்கொண்டோம்.

இரண்டாம் வருடம் மாசி மாதத்துக் குழுவில், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு இடம் காலியானது. திருவையாற்றுப் பக்கம் ஒரு அம்மாளுக்குக் கண்ணில் ஆபரேஷன். காலி இருக்கையோடு வண்டி போவது மைத்துனனுக்குத் தாங்காது. முதலாளியின் அம்மாவே வருகிறார் என்றால் கம்பெனிக்குப் பெயர் என்றும் தோன்றியிருக்கிறது. பாபநாசத்தில் இருந்த அப்பா அம்மாவிடம் போனான். அன்று என் மனைவியும் நானும் அங்கேதான் இருந்தோம். அறுவடை முடிந்து, மிச்சமிருந்த வயலில் உளுந்து விதைத்திருந்தார்கள்.

“எனக்கு எதுக்குடா காசி? நான் என்ன பாவம் பண்ணினேன்? உங்கப்பாவ அனுப்பு,” என்றார் என் மாமியார்.

“அப்பாவால நடக்க முடியாதும்மா.”

“நடக்க முடியலன்னா பண்ணின பாவம் இல்லன்னு ஆயிடுமா?”

மாமனார் நாற்காலியில் உடம்பு குலுங்கச் சிரித்தார். அந்த வீட்டில் பேச்சு மாமியாருடையது, சிரிப்பு அவருடையது. ஐம்பது வருடத்துக்கு மேல் அப்படித்தான்.

மகன் விடவில்லை. கடைசியில் சரி என்றவர், புடவையை மடித்துக்கொண்டே சொன்னார்: “ஏதாச்சும் ஆச்சுன்னா என்னை இங்க கொண்டாந்துடணும். மோட்சம் கீட்சம்னு அங்கயே வுட்டுட்டு வந்துடாத. இந்த மனுஷன் இத்தன வருஷத்துல எனக்கு ஒரு வாய் சோறு ஊட்டினது கெடையாது. வாய்க்கரிசியாவது அவரு கையால வுழட்டும்.”

“கைநெறையப் போடுறேன், போயிட்டு வா,” என்றார் மாமனார்.

கம்பெனியில் அதுவரை போன அத்தனை பேரிலும் திருப்பிக் கொண்டுவரச் சொன்னவர் மாமியார் ஒருவர்தான்.

பிரயாகையில் சங்கமத்தில் குளித்துவிட்டுச் சத்திரத்துக்கு வந்து, ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். நர்ஸ் ஓடிவருவதற்குள் முடிந்துவிட்டது. மாசி மாதம், தேய்பிறை தசமி, செவ்வாய்க்கிழமை நண்பகல். காசிக்கு அவர்கள் மறுநாள்தான் போவதாக இருந்தது.

மைத்துனன் எனக்குப் போன் செய்தான். வேறு யாரிடமும் சொல்லவேண்டாம், கம்பெனி வேலையாகச் சென்னைக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள் என்றான். திருச்சி விமான நிலையத்துக்கு அவனுடைய காரில் போனோம். செங்கிப்பட்டி தாண்டும்வரை அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தான்.

உடலைக் கொண்டுவர என்ன ஏற்பாடு என்று கேட்டேன்.

“ஏற்பாடு ஒண்ணும் இல்ல அத்தான். பாலிசியில அந்தப் பாகத்த நாம வாங்கவே இல்ல. எவனும் கேக்கமாட்டான்னு வுட்டுட்டேன்.”

“அப்ப சொந்தச் செலவுல கொண்டு வா. உங்கம்மாடா.”

“செலவு பெருசு இல்ல. அங்க ஒரு பஸ் நெறைய ஆளு பாத்துக்கிட்டு இருக்காங்க. முதலாளி வூட்டு அம்மாவ ப்ளைட்ல ஏத்தி அனுப்பினா, ஓஹோ இப்படி ஒரு வசதி நெசமாவே இருக்கான்னு அத்தன பேருக்கும் தோணிடும். காசியிலயே வுட்டுடுங்கன்னு சொல்றவங்க மனசும் மாறிடும். அப்புறம் ஒவ்வொரு குடும்பமும் கேக்கும். கம்பெனி நிக்காது அத்தான்.” ஜன்னல் கண்ணாடியை ஏற்றினான். “வேன் புடிச்சுக் காசிக்குக் கொண்டு போகச் சொல்லிட்டேன். வெறும் மயக்கம்தான், காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம்னு பஸ்ல இருக்கறவங்ககிட்ட சொல்லச் சொல்லியிருக்கேன். காசியில போனதா இருக்கட்டும். நாளைக்கு ஏகாதசிதானே?”

“ஏகாதசிதான்.”

“எப்ப வருது?”

“விடியுறதுக்கு முன்னாடியே வந்துடும்,” என்றேன். குடும்பத்தில் திதியும் நட்சத்திரமும் கேட்கவேண்டுமென்றால் என்னிடம்தான் கேட்பார்கள். பஞ்சாங்கத்தைப் பார்க்காமலே சொல்லுவேன்.

“சரியாப் போச்சு,” என்றான்.

புதன் விடிந்ததும் சென்னை விமான நிலையத்திலிருந்து பாபநாசத்துக்குப் போன் போட்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மாமனாருக்குக் காது மந்தம் என்பதால் அவர் எப்போதும் இரைந்துதான் பேசுவார். ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டது.

“அப்பா, அம்மா காசியில, ஏகாதசியில, விடியக்காலம் போயிட்டாங்கப்பா. யாருக்குப்பா கெடைக்கும் இது?”

 “கொண்டாந்துடு,” என்றார் மாமனார்.

“காசியில போனவங்கள வெளிய எடுக்கக் கூடாதுப்பா. கெடைச்ச மோட்சத்தக் கெடுத்த பாவம் நமக்கு வந்துடும்.”

“மோட்சம் அவ கேக்கலடா. கொண்டாந்துடு. நான் மொகத்தப் பாக்கணும். அரிசி போடணும்.”

“போன்ல காட்டுறேன்பா. இப்ப எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க.”

காசியில் படித்துறைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல். உடலை மஞ்சள் துணி போட்டு மூடி, மூங்கிலில் கட்டி வைத்திருந்தார்கள். எங்களுக்கு முன்னால் வரிசை இருந்தது, பின்னாலும் இருந்தது. மைத்துனன் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு உடனே மூடினான். முந்தைய நாள் நண்பகலிலிருந்து ஆகிப்போன நேரம் அந்த முகத்தில் தெரிந்தது. “இதக் காட்டாதீங்க அத்தான். காலையில போன மாதிரி இல்ல. துணியோட காட்டிடுங்க,” என்றான்.

நான் போனைப் பிடித்தேன். அங்கே மாமனாருக்கு முன்னால் என் மனைவி பிடித்திருந்தாள். தன் அம்மா காசியில் இறந்ததாகத்தான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

“மொகம் தெரியல,” என்றார் மாமனார். “துணிய எடுக்கச் சொல்லுங்க மாப்பிள்ளை.”

“பொகை மாமா. சரியாத் தெரியாது.”

“எடுக்கச் சொல்லுங்க.”

மைத்துனன் தலையை ஆட்டினான். நான் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். அங்கே பக்கத்து வீட்டுப் பெண்கள் யாரோ அரிசியை நனைத்துக் கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுப்பது தெரிந்தது. அவர் கை நிறைய அள்ளினார். எவ்வளவு தூரத்தில் பிடித்திருந்தாலும் போன் போன்தானே. அவருக்கு அது தெரியவில்லையா, வேறு வழி தெரியவில்லையா, சொல்ல முடியாது. கையை நேராகத் திரைமேல் கொண்டுவந்தார். என் கையில் இருந்த திரை முழுக்க அவருடைய உள்ளங்கையும் ஈர அரிசியும். அப்புறம் ஒன்றுமில்லை. அரிசி பட்டோ விரல் பட்டோ அழைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது.

திரும்பப் போடப் போனேன்.

“வுடுங்க அத்தான், போட்டுட்டாரு. பின்னால ஆளு நிக்குது,” என்றான் மைத்துனன்.

எரிந்து முடிந்த பிறகுதான் போன் போட முடிந்தது. என் மனைவி எடுத்தாள். “ஏங்க கட் பண்ணினீங்க? அப்பா இன்னும் கையில அரிசிய வெச்சுக்கிட்டே உக்காந்திருக்காரு,” என்றாள். முடிந்துவிட்டது என்று சொன்னேன்.

கருமாதிப் பத்திரிகையில் ‘மாசி மாதம், தேய்பிறை ஏகாதசி திதியில், காசி க்ஷேத்திரத்தில்’ என்று அச்சடித்தார்கள். கம்பெனியின் அடுத்த நோட்டீஸில் மாமியாரின் படம் மாலையோடு வந்தது. எங்கள் நிறுவனரின் தாயாருக்கே கிடைத்த பாக்கியம் என்று கீழே ஒரு வரி. உறவினர்கள் வீட்டிலிருந்தே காணொளியில் வாய்க்கரிசி போடும் வசதி என்று இன்னொரு வரி. அதற்குத் தனிக் கட்டணம். அந்த வருடம் குழுக்களை இரட்டிப்பாக்க வேண்டியிருந்தது. ஆனியில் லாபம் எல்லோர் கணக்கிலும் ஏறியது, மாமனார் கணக்கிலும் ஏறியது. அவர் அதைத் தொடவில்லை. பாஸ் புத்தகத்தில் பதிந்துகொண்டு வரச் சொல்லி, பார்த்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்தார். யாத்திரை போய்த் திரும்பியவர்கள் துக்கம் கேட்க வந்தால், ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான்: “மொகம் எப்படி இருந்துச்சு?” வந்தவர்கள் தூங்குகிற மாதிரி இருந்தது என்பார்கள். அவர்களும் துணியைத்தான் பார்த்திருந்தார்கள்.

தை கடைசியில் வருடத் திதிக்கு நாள் குறிக்க எங்களைக் கூப்பிட்டார். மைத்துனனும் வந்திருந்தான், வாசலில் நின்று யாரிடமோ ரயில் டிக்கெட் விஷயமாகப் பேசிக்கொண்டிருந்தான்.

“இந்த வருஷம் மாசியில ஏகாதசி என்னைக்கு வருது மாப்பிள்ளை?”

“திங்கக்கிழமை வெச்சுக்கலாம் மாமா.”

அவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். கண் இன்னும் நன்றாகத்தான் இருந்தது. “திங்கக்கிழமை தசமின்னு போட்டிருக்கே. நான் ஏகாதசி கேட்டேன்.”

ஒரு வருடமாக அவர் கேட்டதற்கெல்லாம் மைத்துனன் சொன்னபடியே சொல்லிவந்தவன்தான் நான். ஆனால் எள்ளும் தண்ணீரும் தவறான திதியில் விழுவதற்கு நாள் குறித்துக் கொடுக்க என்னால் ஆகவில்லை.

“அத்தைக்குத் தசமிதான் மாமா.”

மைத்துனன் போனை அணைத்துவிட்டு உள்ளே வந்தான். “அத்தான்!” என்றான். என் மனைவி அடுக்களையிலிருந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாமனார் மகனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக் கேட்டார்.

“தசமி அன்னைக்கு அவ எங்க இருந்தா?”

“பிரயாகையில.”

“அப்ப காசியில போகல.”

என் மனைவி தம்பியைப் பார்த்தாள்.

“கொண்டாந்திருக்கலாம்,” என்றார். அது கேள்வியாக இல்லை. பிறகு, “பிரயாகையிலேருந்து காசிக்கு எதுல போனா?” என்றார்.

“வேன்லப்பா,” என்றான் மைத்துனன்.

“படுக்க வெச்சா?”

“படுக்க வெச்சுத்தான்பா. ஐஸெல்லாம் வெச்சு, நல்லபடியாத்தான்.”

“வாடகை யாரு குடுத்தது?”

“கம்பெனிதான்பா குடுத்துச்சு. உங்களுக்கு எதுக்கு அந்தக் கவலையெல்லாம்?”

மாமனார் மெதுவாகத் தலையை ஆட்டினார்.

“அப்ப அதுல என் பங்கும் இருக்கு.”

மைத்துனன் முகம் தெளிந்தது. அப்பா சமாதானமாகிவிட்டார் என்று நினைத்தான். பக்கத்தில் வந்து அவர் தோளில் கை வைத்தான்.

“ஆமாப்பா. உங்களுதுதானே பெரிய பங்கு.”