ஆணியில் நிற்காத விளக்கு

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். சத்தியம் செய்து கதை சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. இது என் கடையில், என் மகளுக்கு நடந்தது.

பழைய பித்தளைச் சாமான்களை வாங்கித் துடைத்து விற்பது என் தொழில். முன்னால் கடை, பின்னால் வீடு. "உங்களுக்குப் பித்தளைப் பைத்தியம்" என்பாள் என் மனைவி. அதில் பொய்யில்லை.

போன மழைக்காலத்தில் பழைய இரும்போடு ஒரு விளக்கு வந்தது. ஒரு சாண் உயரம். அடியில் செம்புக் குடுவை, நடுவில் தடித்த கண்ணாடி, தலையில் பித்தளைக் கூடு, அதற்கு மேல் கொக்கி. சின்ன வில்லையில் 63 என்று ஓர் எண். "கப்பல் விளக்கு!" என்று பார்த்தவுடனே முடிவு கட்டிவிட்டேன். எனக்குத் தெரியாத பித்தளையா?

எந்த ஊரில் செய்தது என்ற முத்திரை உள்ளே இருக்கும். ஆனால் திருகினால் அசையவில்லை. குடுவையும் மேல்பாகமும் சேரும் இடத்தில் பொட்டு மாதிரி கொஞ்சம் ஈயம். எவனோ அரைகுறை வேலைக்காரன் வைத்த ஒட்டு என்று நினைத்தேன். குலுக்கிப் பார்த்தேன். ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

அன்று மாலை கொட்டு கொட்டென்று மழை. மனைவி வெளியூரில். எங்கள் ஏழு வயது வாலு காய்ச்சலோடு உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். கரண்ட் போனது. வெளியே வைத்தால் நனையுமே என்று ஜெனரேட்டரை வீட்டு நடையிலேயே ஓடவிட்டேன். சாரலுக்குப் பயந்து கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தினேன்.

மணி ஆறு நாற்பது. ஈயத்தைச் சுரண்ட உளியை எடுத்தேன்.

டொக்... டொக்... டொக்.

மழை என்று நினைத்தேன். மறுபடியும் மூன்று. தரைக்கு அடியிலிருந்து...

"எலிச் சனியனே!" காலால் ஓங்கி உதைத்தேன்.

பதிலுக்கு மூன்று தட்டு.

"யாருடா அது?"

சத்தம் நின்றது. தலை லேசாகச் சுற்றியது. கையிலிருந்த விளக்கைப் பார்த்தேன்.

கண்ணாடிக்குள் சுடர்!

எண்ணெய் இல்லை. நெருப்பு நான் வைக்கவில்லை. ஈயத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

சுடர் சிறுத்தது... இன்னும் சிறுத்தது... மூச்சுக்குத் தவிப்பது போலத் துடித்தது.

டொக்... டொக்... டொக்.

இந்த முறை சத்தம் நகர்ந்தது. கடையிலிருந்து நடைக்கு... நடையிலிருந்து உள்ளறைக்கு.

"வாலு!"



ஓடினேன். உள்ளறையில் புகை நெடி. கட்டிலில் பிள்ளை இல்லை.

கதவோரம் தரையில் கிடந்தாள்.

அள்ளிக்கொண்டு மழையில் தெருவுக்கு ஓடினேன். "கண்ணைத் திறடி, என் தங்கமே!" என்று கதறினேன். கொஞ்ச நேரம் கழித்து இருமினாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"கதவைச் சாத்திட்டு ஜெனரேட்டர் ஓட்டுவாங்களாய்யா? இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா பிள்ளையை மறந்திருக்க வேண்டியதுதான்" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் திட்டினார். தலை குனிந்து நின்றேன்.

விடிந்ததும் வாலு சொன்னாள். "ஒரு மாமா கையைப் பிடிச்சு இழுத்தாருப்பா. கை ஜில்லுனு இருந்துச்சு."

அவள் மணிக்கட்டைப் பார்த்தேன். ஐந்து விரல் தடம். கரித்தூள்.

பிள்ளையைப் பார்க்க என் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி, நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. விளக்கைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தான்.

"கப்பலா? நல்லா கடை நடத்துறீங்க மாமா! இது சுரங்க விளக்கு. காத்து கெட்டுப்போனா சுடர் சிறுத்துக் காட்டும். இந்த ஈயம் ஒட்டு இல்ல, பூட்டு. கீழ இறங்குற ஆள் திறந்துடக் கூடாதுன்னு வைக்கிறது. ஆள் மேல வந்தப்புறம்தான் உடைப்பாங்க."

ஈயத்தைத் தடவிய விரல் நின்றது. சிரிப்பும் நின்றது.

"இது உடைக்கவே இல்லையே, மாமா..."

வில்லையைப் படம் எடுத்துப் போனான். இரண்டு வாரம் கழித்து போன் செய்தான்.

"எந்தச் சுரங்கம்னு தெரிஞ்சுடுச்சு. எங்க தாத்தா காலத்துல வெள்ளம் புகுந்து மூடினது. அறுபத்து மூணாம் நம்பர் ஆள் மேல வரல. விளக்கும் வரல. அதுக்கப்புறம் அந்தக் குழியை யாருமே திறக்கல."

"அப்ப இது எப்படிடா என் கைக்கு..."

"அதை என்கிட்ட கேக்காதீங்க. முதல்ல ஆணியில மாட்டுங்க. விளக்கு ஆணிக்கு வந்துட்டா ஆள் மேல வந்துட்டார்னு அர்த்தம். எங்க வழக்கம் அது."

அன்றே சுவரில் ஆணி அடித்தேன். "என் பிள்ளையைக் காப்பாத்திக் குடுத்தீங்க. நீங்களும் மேல வந்துடுங்க அண்ணே" என்று கும்பிட்டு மாட்டினேன்.

காலையில் ஆணி காலி. விளக்கு தரையில் நிமிர்ந்து நின்றது. சுற்றிலும் கரிய தண்ணீர்.

இன்றுவரை தினமும் மாட்டுகிறேன். தினமும் காலையில் அது தரையில்தான் இருக்கிறது.

அவர் இன்னும் மேலே வரவில்லை.