ஜூன் மாதத்துப் பிறந்தநாள்

ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்தபோது எனக்கு இருபது வயது. வண்டிகளுக்குள் போகும் ஒயர்களைக் கட்டுக்கட்டாகப் பின்னித் தருகிற கம்பெனி. பாகலூர் ரோட்டில் ஒரு மாடி அறையில், அதே கம்பெனியில் வேலை பார்த்த திருநெல்வேலிப் பெண் ஒருத்தியோடு தங்கியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமையானால் இருவரும் தலையணையில் போனைச் சாய்த்துவைத்துக் காதல் படம் பார்ப்போம். கதாநாயகன் அவள் ஏறுகிற பஸ், வீட்டு விலாசம் என்று எல்லாம் தெரிந்துகொண்டு எதிரே வந்து நிற்பான். நாங்கள் கைதட்டுவோம். அவனுக்கு யார் சொன்னது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த வருடம் எங்கள் கம்பெனி பஸ்ஸில் புதிதாக ஒருவன் ஏற ஆரம்பித்தான். மெயின்டனன்ஸில் வேலை. ஓசூரை அடுத்த பேரிகை ஊர்க்காரன்; வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். எங்கள் ஸ்டாப்புக்கு பைக்கில் வந்து, அதை டீக்கடை ஓரம் நிறுத்திவிட்டு ஏறுவான்.

“பேரிகைக்குன்னு தனி பஸ்சு இருக்கு. அத விட்டுட்டு இங்க வந்து ஏறுதான்னா யாருக்காகட்டி?” என்றாள் அறைத்தோழி.

எனக்குப் பிடித்திருந்தது. இதை மறைத்தால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். காலையில் கண்ணாடி முன் கூடுதலாக ஐந்து நிமிடம் நின்றேன்.

ஒருமுறை காய்ச்சல் என்று சூப்பர்வைசருக்குப் போன் செய்து லீவு எடுத்தேன். சாயங்காலம் தோழி ஒரு மாத்திரை அட்டையோடு வந்தாள். அவன் கொடுத்துவிட்டானாம்.

“நீ சொன்னியா?”

“நான் வாயே திறக்கல. பிரியமா இருக்கவனுக்குத் தெரியாதாக்கும்?”

மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை. நான் சனிக்கிழமை லீவு எழுதிக்கொடுத்து ஊருக்குப் போகிற வாரங்களில் மட்டும் அவன் “பாத்துப் போயிட்டு வாங்க” என்றான். போகாத வாரங்களில் சொன்னதில்லை. தற்செயல் என்று ஒரு தடவை நினைக்கலாம். நான்கு தடவை நினைக்க முடியவில்லை.

ஜூன் மாதம் ஒரு காலை பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டில் கேக், அதன்மேல் என் பெயர். டிரைவர் ஹாரன் அடித்தார். நாற்பது பேர் கைதட்டினார்கள். அவன் பிளாஸ்டிக் கத்தியை நீட்டினான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் வெட்டினேன். வெட்கப்படுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

நான் பிறந்தது கார்த்திகையில். பள்ளியில் சேர்க்கும்போது வயது நிரம்பவேண்டும் என்பதற்காக ஹெட்மாஸ்டர் ஜூன் என்று எழுதிக்கொண்டார். வீட்டில் யாருக்கும் அந்தத் தேதி நினைவில் இல்லை. தோழிக்குக்கூட என் கார்த்திகைப் பிறந்தநாள்தான் தெரியும். ஜூன் தேதி இருப்பது என் சர்டிபிகேட்டிலும் ஆதாரிலும், அவற்றின் நகலை வைத்திருக்கும் கம்பெனி ஃபைலிலும்தான்.

சாப்பாட்டு நேரத்தில் கேண்டீன் வாசலில் அவனைப் பிடித்தேன்.

“இன்னைக்கு எனக்குப் பொறந்தநாள்னு யாரு சொன்னது?”

“மனசு சொல்லுச்சு.”

“மனசு தப்பாச் சொல்லியிருக்கு. நான் கார்த்திகையில பொறந்தவ.”

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு சொன்னான்: “டைம் ஆபீஸ்ல தெரிஞ்சவரு ஒருத்தரு இருக்காரு. உங்க ஃபைலைக் காட்டினாரு. லீவு போட்டா அவருதான் சொல்வாரு. இதுல என்னாங்க தப்பு?”

“வேற என்னா பாத்தீங்க?”

“அட்ரஸு, அப்பா நம்பரு. போன மாசம் உங்க ஊருக்கும் போயிட்டு வந்தன். கிட்ட போகல. தூரமா நின்னு பாத்தன். உங்கம்மா தனியா ஆட்டுக்குத் தழை போட்டுட்டு இருந்தாங்க.”

எனக்கு ஒரு பரிசு கொடுப்பதுபோல, அவ்வளவு மென்மையாகச் சொன்னான்.

“படத்துல ஹீரோ பண்ணா எல்லாரும் கைதட்றீங்க. நான் பண்ணா மட்டும் தப்பா?” என்று கேட்டான்.

கைதட்டியவள்தானே நான்.

அன்று அறைக்குப் போனதும் நான் செய்த காரியம் எனக்கே பிடிக்கவில்லை. தோழியின் போனைக் கேட்டேன். அவனுக்கு இவளும் ஏதாவது சொல்லியிருப்பாளோ என்று இருந்தது. அவள் பூட்டைத் திறந்து கொடுத்தாள். அதில் ஒன்றுமில்லை.

“போதுமா?” என்றாள். ஆபீஸில் அவனைப் பற்றிப் புகார் கொடுக்கப்போகிறேன் என்றதும், “ஒரு கேக்குக்காக ஒருத்தன் வேலையக் கெடுக்கப் போறியோ?” என்று கேட்டாள்.

“கேக்குக்கு இல்ல. எங்கம்மா தனியா இருக்கிற நேரம் அவனுக்குத் தெரியுது. நாளைக்கு உன் ஃபைலையும் எவனாவது தொறந்து பாப்பான்.”

அவள் வெகுநேரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் வெல்ஃபேர் ஆபீசர் அறைக்குக் கூடவே வந்தாள்.

ஆபீசர் ஒரு பெண். “தொட்டாரா? தப்பாப் பேசினாரா?” என்று கேட்டார்.

“இல்ல மேடம். எனக்குத் தெரியாம என்னைப் பத்தி எல்லாம் தெரிஞ்சுக்கிட்டாரு.”

அவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு நான் சொன்னபடியே எழுதிக்கொண்டார்.

டைம் ஆபீஸ்காரரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். ஃபைல் பீரோவின் சாவி ஆபீசரிடம் போனது. அவனை எச்சரித்து, பேரிகை பஸ்ஸில்தான் வரவேண்டும் என்றார்கள். அவன் அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. இரண்டு மாதத்தில் அத்திப்பள்ளிப் பக்கம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். பஸ்ஸில் சிலர் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்றார்கள். ஊருக்குப் போனபோதெல்லாம் ரோட்டோரம் நிற்கிற பைக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்தேன். கெட்டவன் என்று அவனை இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. நல்லவன் என்றும் சொல்ல முடியவில்லை.

மூன்று வருடம் கழித்து வீட்டில் ஒரு வரன் பார்த்தார்கள். கிருஷ்ணகிரியில் லேத் பட்டறை வைத்திருப்பவர். நிச்சயம் முடிந்து ஒரு நாள் வீட்டுக்கு வந்தபோது புடவை கொண்டுவந்தார். கரும்பச்சை. எனக்கு மிகப் பிடித்த நிறம்.

அம்மா பூரித்துப்போனாள். நான் கேட்டேன்: “இந்தக் கலர்தான் புடிக்கும்னு எப்படித் தெரியும்?”

அவர் கொஞ்சம் திகைத்தார். “தெரியாதுங்க. உங்க தம்பிக்குப் போன் பண்ணிக் கேட்டன். கேட்டிருக்கக் கூடாதா?”

அவர் காபி குடித்து முடிப்பதற்குள் கொல்லைப்பக்கம் போய்த் தம்பிக்குப் போன் செய்தேன். ஆமாம், கேட்டார் என்றான். பிறகுதான் உள்ளே வந்து புடவையைப் பிரித்துப் பார்த்தேன்.