நீதிபதி வீட்டுப் புத்தகங்கள்

மாட்டுங்கா ஸ்டேஷன் அருகே நடைபாதையில் பழைய புத்தகம் விற்றவர் அவர். ஒல்லியான உடம்பு, காதில் செருகிய பேனா. எந்த முதல் பதிப்பையும் தோள்துண்டால் துடைத்து, முதல் பக்கத்தைத் திறந்து காட்டுவார். அதில் காலமான ஒரு தமிழ் நீதிபதியின் கையெழுத்து இருக்கும். நீதிபதி வீட்டு அலமாரியே தன்னிடம் வந்துவிட்டது என்பார். நம்பிப் பதினோரு புத்தகங்கள் வாங்கினேன்.

என்னிடம் இரண்டு பிரதிகள் இருந்த நூலில் ஒன்றைப் போன மாதம் அவரிடம் கொடுத்தேன். நேற்று அது கடையில் இருந்தது. அட்டையில் நான் சிந்திய காப்பிக் கறை. உள்ளே, நான் கொடுத்தபோது இல்லாத நீதிபதியின் கையெழுத்து.

"அண்ணாச்சி, இது நான் கொடுத்த புக்!"

அவர் பதறவே இல்லை. "ஆமா சார். ஒங்க புஸ்தகம்னு சொன்னா எவன் வாங்குவான்?"

வீட்டுக்கு வந்து பதினொன்றையும் திறந்து பார்த்தேன். கடையில் பார்த்த கையெழுத்திலிருந்து ஒரு சுழிகூட மாறவில்லை. இத்தனை நாள் அந்த நீதிபதிக்குக் கொடுத்த மரியாதையை இனி யாருக்குக் கொடுப்பது?