முப்பதாவது நாள் செவ்வாய்க்கிழமை

வெள்ளிக்கிழமை காலை ரெஜிஸ்டரைத் திறந்தபோதுதான் நான் ஒரு நாளைத் தொலைத்திருப்பது தெரிந்தது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன டிராவல் ஏஜென்சி. அங்கே இருபத்தெட்டு வருடம் கவுண்டரில் உட்கார்ந்தவள் நான். வெளிநாட்டிலிருந்து உறவினரைப் பார்க்க வருகிறவர்களுக்கென்று ஒரு ரெஜிஸ்டர் வைத்திருந்தேன். பெயர், பாஸ்போர்ட் எண், வந்த நாள், கடைசி நாள், போன நாள் என்று ஐந்து பத்தி. பாஸ்போர்ட்டில் குத்திய சாப்பை, அதாவது முத்திரையை, கண்ணால் பார்க்காமல் எதையும் எழுதக் கூடாது என்பது நானே போட்ட சட்டம். அதை மீறியவளும் நானே.

1. இரண்டு பேருக்கும் பிடித்த கிழமை

அந்த அம்மாவின் பெயர் தனலெட்சுமி. திருச்சிக்காரர். கிள்ளானில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் கவிதாவின் வளைகாப்புக்கு வந்திருந்தார். ஊருக்குப் போய்விட்டு, பிரசவத்துக்கு மறுபடி வருவதாக ஏற்பாடு. இங்கே தங்க அவருக்குக் கிடைத்தது முப்பது நாள்.

திரும்பும் டிக்கெட்டுக்காக மருமகன் சுரேஷ் போன் செய்தார். "அத்தை திங்கக்கெழம வந்தாங்க ஆன்டி. எப்ப வரைக்கும் இருக்கலாம்?" என்று கேட்டார். நான் சுவர்க் காலண்டரில் அந்தத் திங்களுக்கு மறுநாள் மேல் விரலை வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். முப்பது, புதன்கிழமையில் வந்து நின்றது.

சுரேஷுக்கு ஒரே சந்தோஷம். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது, அத்தையும் புதன்தான் கேட்கிறார் என்றார். சாப்பைப் பார்க்காமலே ரெஜிஸ்டரில் எழுதி, புதனுக்கே டிக்கெட் போட்டேன். கேட்ட கிழமையே கிடைத்துவிட்டதால் யாரும் மறுபடி எண்ணிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் ரெஜிஸ்டரைச் சரிபார்ப்பது என் வழக்கம். அன்றைக்குத்தான் சாப்பின் படத்தை அனுப்பச் சொல்லி வாங்கி, மறுபடி எண்ணினேன். வந்த நாளையே முதல் நாளாக எண்ண வேண்டும். இது கவுண்டரில் உட்கார்ந்த முதல் வாரமே நான் கற்றுக்கொண்ட பாடம். அப்படி எண்ணினால் முப்பதாவது நாள் செவ்வாய். புதன்கிழமை டிக்கெட் என்றால் ஒரு நாள் ஓவர்ஸ்டே.

எனக்கு வெட்கமாக இருந்தது. முதலாளியிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்ம தப்பு மேரி. நாமதான் மாத்திக் கொடுக்கணும் லா" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

2. செவ்வாய்

பள்ளி விடுமுறை என்பதால் திங்கள் வரை எல்லா விமானமும் நிறைந்திருந்தது. செவ்வாய் பிற்பகல் ஓர் இடம் இருந்தது. அதைப் பிடித்துவைத்துவிட்டு சுரேஷைக் கூப்பிட்டேன்.

"ஒரு நாள்தானே ஆன்டி, யாரு கேக்கப் போறா?" என்றார். கம்ப்யூட்டர் கேட்கும் என்றேன். போகும்போது நிறுத்தி விசாரிப்பார்கள், அது பதிவாகிவிடும். பிரசவத்துக்கு வரும்போது விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள் என்று விளக்கினேன். ஆனால் அத்தை செவ்வாய்க்கிழமை கிளம்ப மாட்டார் என்றார் அவர்.

நான் செந்தூல் ரயில்வே குடும்பம், மெதடிஸ்ட் கிறிஸ்தவள். எங்கள் வீட்டுக் காலண்டரில் ராகுகாலம் கிடையாது. "அத்தைகிட்ட போனைக் குடுங்க தம்பி" என்று கொஞ்சம் அதிகாரமாகவே சொன்னேன்.

தனலெட்சுமி அம்மா கோபப்படவில்லை. "எங்க வீட்டுக்காரரு ஒரு செவ்வாக்கெழமதாம்மா வேலைக்குன்னு வெளியூர் கெளம்பிப் போனாரு. பொணமாத்தான் கொண்டாந்தாங்க. வயித்துப் புள்ளக்காரிய வீட்ல விட்டுட்டு நான் எப்படிம்மா அந்தக் கெழமயில படி எறங்குவேன்?"

என் அதிகாரமெல்லாம் அடங்கிப்போயிற்று. தப்பு என்னுடையது, மன்னித்துவிடுங்கள் என்றேன். புதன்கிழமை போனால் பிரசவத்துக்கு வர முடியாமல் போகலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

அதற்கு அவர் கேட்டார். "உங்க ஆபீஸ் திங்கக்கெழம தொறந்திருக்குமா?"

3. பரஸ்தானம்

பயணத்துக்கு நாள் சரியில்லை என்றால், முந்தின நல்ல நேரத்தில் ஒரு பையை வேறு இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவார்களாம். பை கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பியதாகக் கணக்கு. வழியில் அந்தப் பையை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோகக் கூடாது. இதற்குப் பரஸ்தானம் என்று பெயர் என்றார் அவர்.

திங்கட்கிழமை ராகுகாலம் முடிந்து ஒன்பது மணிக்கு மேல் சுரேஷும் அவரும் வந்தார்கள். ஒரு மஞ்சள் பை. உள்ளே ஒரு புடவை, விபூதிப் பொட்டலம். பிரின்டர் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தேன். முதலாளி பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

மறுநாள் பத்து மணிக்கு அந்த அம்மா விமான நிலையம் போகும் வழியில் வந்து பையை வாங்கிக்கொண்டார். மாலையில் சுரேஷ், அத்தை இமிகிரேஷனைத் தாண்டிவிட்டதாகச் சொன்னார். 'போன நாள்' பத்தியில் செவ்வாய் என்று எழுதினேன். ஓரத்தில் பென்சிலால், 'பை: திங்கள்' என்றும் எழுதிவைத்தேன்.

ஆறு வாரம் கழித்து மறுபடி ஒரு திங்கட்கிழமை அவர் வந்து இறங்கினார். இமிகிரேஷன் கவுண்டரில் பழைய சாப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டுவிட்டார்களாம். கிள்ளானுக்குப் போகும் முன் நேராக எங்கள் ஆபீசுக்கு வந்து, நான் கேட்காமலே பாஸ்போர்ட்டை விரித்து நீட்டினார். கட்டை விரலை மடக்கி, "இன்னைக்குதானே ஒண்ணு?" என்றார்.

"ஆமாம்மா, இன்னைக்குதான் ஒண்ணு" என்றேன்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சாப்பைப் பார்த்து எழுதுங்கள், வந்த நாளிலிருந்து எண்ணுங்கள். எல்லாருக்கும் பிடித்த தேதி வந்தால் இன்னொரு முறை எண்ணுங்கள். தப்பு உங்களுடையது என்றால் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். மீதிக்கு ஒரு வழி அவர்களிடமே இருக்கலாம்.

அந்த அம்மா வந்த ஒன்பதாவது நாள் சுரேஷ் போன் செய்தார். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம், அத்தைதான் முதலில் கையில் வாங்கினார் என்றார். பழக்கதோஷம், நான் காலண்டரைப் பார்த்தேன்.

"செவ்வாய்க்கிழமை ஆச்சே தம்பி. அத்தை என்ன சொல்றாங்க?"

"ஒண்ணும் சொல்லல ஆன்டி. பிள்ளைய கீழ வைக்கவே மாட்டேங்கறாங்க."