ஒன்பதாம் வீட்டுச் சனியும் தோக்கியோ மணியும்

என் மகள் பிறந்த நேரத்தைக் குறித்தவன் நான்தான். 1942, ஆவணி மாதக் கடைசி, காலை ஏழரை மணி. மருத்துவச்சி கையில் விளக்கோடு நின்றிருந்தாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதினேன். பத்திரிகையில் பிழை திருத்தியவன். ஜப்பானியர் வந்து வேலை போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அந்தத் தாளை ஜாலான் பெண்டஹாரா சாலையில் இருந்த சோதிடரிடம் கொடுத்தேன். கன்னி லக்னம் என்று கட்டம் போட்டார்.

"ஒம்பதாம் வீடு அப்பாவுக்குண்டான வீடு. அதுல சனி உக்காந்திருக்கான். புள்ளையும் நீங்களும் ஒரே கூரையில இருக்கக் கூடாது, உங்க உயிருக்கு ஆகாது."

நான் பொருட்படுத்தவில்லை. என் மனைவி கமலத்தால் அப்படி இருக்க முடியவில்லை.

மறு வருடம் ஜப்பானியர் எங்கள் காஜா பேராங்கில், போனவர் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடித்தார்கள். எங்கள் வீட்டு வரிசையில் இரண்டு வீட்டு ஆண்கள் போனார்கள். அடுத்தது நான் என்று கமலம் முடிவு கட்டிவிட்டாள்.

"நீங்க இருந்தா இன்னொரு புள்ள பொறக்கும். நீங்க போயிட்டா நான் யாரைப் பாக்கறது?"

உஜோங் பாசிரில் பிள்ளையில்லாத ஒரு தையற்காரர் வீட்டில் மகளைக் கொடுத்துவிட்டு வந்தாள். நான் தடுக்கவில்லை. எனக்கும் உயிர்ப் பயம் இருந்தது.

அன்றிலிருந்து கமலம் சரியாகச் சாப்பிடவில்லை. பால் கட்டி வலித்தது. பிறகு காய்ச்சல் வந்தது. மருந்து எங்கும் கிடைக்கவில்லை. ஜுரத்திலும் காலியான தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அம்மன் கோயிலுக்குப் போனேன். நடை சாத்தியிருந்தது. வெளியில் நின்றபடியே கேட்டேன்: "அம்மா, பிள்ளையை அவள் மடியில் போடு." வேறெதுவும் கேட்கவில்லை.

பூசாரி சாவியோடு வந்தார். "மணி எட்டாச்சே, இன்னும் தொறக்கலையா?" என்றேன்.

"பேப்பர்காரரே, எட்டு ஜப்பான்காரனுக்கு. அம்மாவுக்கு இன்னும் ஆறரைதான். நீங்க தோக்கியோவுக்குப் பூசை பண்ணுங்க, நான் இவளுக்குப் பண்றேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜப்பானியர் எங்கள் கடிகாரங்களைத் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளியிருந்தார்கள். சோதிடரின் பஞ்சாங்கமோ பழைய நேரத்துக்குக் கணித்தது. ஏழரை மணிக்கு மருத்துவச்சிக்கு ஏன் விளக்கு? என் மகள் பிறந்தது ஆறு மணிக்கு. எந்த ஊர் மணி என்று சோதிடர் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை.

நேராகப் போய்ச் சொன்னதும் சோதிடர் மறுபடி கணித்தார். "கன்னி இல்லீங்க, சிம்மம். சனி ஒம்பதுல இல்ல, பத்துல. அது தொழில் வீடு. புள்ள உழைச்சுச் சாப்பிடும், அவ்வளவுதான்."

சைக்கிளில் உஜோங் பாசிருக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். தையற்காரர் மனைவி பிள்ளையின் சட்டைகளை மடித்துக் கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாலைக்குள் பிள்ளை கமலத்தின் மடியில் இருந்தது. "அப்ப இவ மேல குத்தம் இல்லையா?" என்று கேட்டாள்.

"இல்ல. நான் மணியைத் தப்பா எழுதிட்டேன்."

அவள் சிரித்தாள். "பெரிய பிழை திருத்தறவரு."

மூன்றாம் நாள் கமலம் இறந்துவிட்டாள்.

என்னைச் சயாமுக்குப் பிடித்துப் போகவில்லை. மகள் இன்று பள்ளி ஆசிரியை. கேட்டதை அம்மன் எழுத்துப் பிசகாமல் கொடுத்தாள். கமலத்தின் உயிரைக் கேட்க அன்று எனக்குத் தோன்றவில்லை. அவளையும் கேட்டிருக்கலாம்.

அதனால் சொல்கிறேன். கிரகத்துக்குப் பயந்து பிள்ளையைப் பிரியாதீர்கள். அம்மன் வாசலுக்குப் போங்கள். போனால், பாதியோடு நிறுத்தாமல் முழுவதையும் கேளுங்கள்.